விசேட கல்விக்குக் காசு எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்விகளும் ரீச்சரின் பதில்களும்

போன இதழில் விசேட கல்வி அலகில், அதாவது சாதாரண பாடசாலைக்குள் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று நடக்கும் தனி வகுப்பில், பிள்ளையைச் சேர்ப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. அநேகமானோர் கேட்டிருப்பது காசைப் பற்றி. நல்லது. அலகில் ஆசிரியையாக இருந்தபோதும் சரி, பிறகு திருகோணமலை வலயத்தில் சேவைக்கால ஆலோசகராக இருந்தபோதும் சரி, பெற்றோர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களையும் பாடசாலைகளையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு எட்டு வயது, ஓட்டிசம். நகரத்தில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிக்கிறான். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லையா என்று கேட்டால் "அதுக்கு நிதி இல்லை அம்மா" என்கிறார்கள். அரசாங்கப் பாடசாலைதானே ரீச்சர், இலவசக் கல்விதானே? அந்தக் காசெல்லாம் எங்கே போகிறது?

பதில்:

"நிதி இல்லை" என்பது அரைவாசிப் பதில் அம்மா. எந்த நிதி என்று கேட்டால்தான் மற்ற அரைவாசி வெளியே வரும். அதனால் காசு வருகிற வழியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு நாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. தேசிய பாடசாலைகள் மட்டும் பத்தரமுல்லை இசுறுபாயவிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. உங்கள் மகனுடைய பாடசாலை எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்பது அதைப் பொறுத்தது.

மாகாணப் பாடசாலை என்றால், நிதி ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் எவ்வளவு என்று சிபாரிசு செய்யும். திறைசேரி அதைப் பகுதி பகுதியாக அனுப்பும். பெரிய பகுதி மீண்டெழும் செலவுக்கான தொகுதிக் கொடை. சம்பளமெல்லாம் அதற்குள்தான். கட்டடம், தளபாடம் போன்றவற்றுக்கு மாகாணத்துக்கான விசேட அபிவிருத்திக் கொடை என்று வேறொன்று. இவை தவிர, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கணக்கிட்டுப் பாடசாலைக்குக் கொடுக்கிற தர உள்ளீட்டுப் பணம் இருக்கிறது. சோக், கடதாசி, ஆய்வுகூடப் பொருள், விளையாட்டுச் சாமான் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காசுதான்.

இதில் உங்கள் மகனுக்கென்று வருவது எது? அலகிலுள்ள ரீச்சரின் சம்பளம். அநேகமாக அவ்வளவுதான். எங்கள் முறையில் பணம் பிள்ளையின் தேவையைப் பார்த்து வருவதில்லை. ஆளணியில், அதாவது அரசாங்கம் அனுமதித்த பதவிப் பட்டியலில், உள்ள பதவியைப் பார்த்தும், தலைக்கணக்கைப் பார்த்தும்தான் வருகிறது. ஒரு ரீச்சரை நியமித்து ஒரு வகுப்பறையைக் காட்டிவிட்டால், அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் விசேட கல்வி வழங்கியாயிற்று. அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா, பென்சில் பிடிக்க விரலில் பலமில்லையா என்பதை எழுத அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் சுகாதார அமைச்சின் ஆள். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் படித்துவிட்டு வைத்தியசாலைக்கு நியமனமாகி வருவார். கல்விப் பக்கத்து ஆளணியில் அப்படி ஒரு பதவியை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட வேண்டிய சரியான பதில் "நிதி இல்லை" அல்ல, "பதவி இல்லை". பதவி இல்லாத இடத்தில் அதிபர் நினைத்தாலும் காசு வராது. அவரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிறுவர் கிளினிக்கில் காட்டி, பேச்சுச் சிகிச்சைக்குக் கடிதம் எடுங்கள். காசில்லை, ஆனால் முறை வரக் காத்திருக்க வேண்டும். போகும்போது சிகிச்சையாளரிடம், "வகுப்பில் ரீச்சர் என்ன செய்யலாம்" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோப்பிரதி எடுத்து ரீச்சரிடம் கொடுங்கள். சுகாதாரத்தையும் கல்வியையும் இணைக்க இரண்டு அமைச்சும் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்யும். நான் அலகில் இருந்தபோது இப்படி வந்த தாள்களை ஒரு கோவையில் சேர்த்து வைத்திருந்தேன். எனக்குப் பிறகு வந்த ரீச்சர் முதலில் திறந்து பார்த்தது அதைத்தானாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரப் பாடசாலைகளுக்கு வெளியிலிருந்து நிறைய உதவி வந்தது. ஒரு அலகுக்குக் கேட்டல் பயிற்சிக் கருவி ஒன்று கொடுத்தார்கள். கறுப்புப் பெட்டி, அதோடு நான்கு பிள்ளைகளுக்கு நான்கு ஹெட்போன். ஒன்றின் வயர் காதருகே மடிந்து மடிந்து உள்ளே அறுந்துவிட்டது. மெயின் வீதியில் ரேடியோ திருத்துகிற பையனிடம் கொடுத்தால் பின்னேரத்துக்குள் ஒட்டித் தந்துவிடுவான். ஆனால் சாமான் இன்வென்றியில் ஏறிவிட்டது. அனுமதியில்லாமல் வெளியே கொடுக்கப் பயம், திருத்தச் செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்றும் தெரியாது. ஒரு ஹெட்போன் போய், அடுத்தது போய், கடைசியில் பெட்டி அலுமாரிக்குள் போனது. வருடா வருடம் பொருட் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் அலுமாரியைத் திறந்து, பெட்டியிலுள்ள இலக்கத்தைப் பார்த்து, "உள்ளது" என்று சரி போட்டுவிட்டுப் போவார்கள். வாங்குவதற்குக் கொடுக்க ஆள் வரும் அம்மா, வயர் மாற்றக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். உதவி தர ஒருவர் முன்வந்தால், சாமானோடு மூன்று வருடத் திருத்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அதிபர்மாரிடம் நான் சொல்வது இதனால்தான்.

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி:

அக்கா குடும்பம் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறது. அக்காவின் மகளுக்கு டவுன் சின்ட்ரோம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். பேச்சுப் பயிற்சி, கூடவே இருக்க ஒரு உதவியாளர், வீட்டு வாசலுக்கு பஸ், எல்லாம் இலவசம். "அமெரிக்க அரசாங்கம் எல்லாத்தையும் குடுக்குது" என்கிறா அக்கா. உண்மையா ரீச்சர்?

பதில்:

இலவசம் என்பது உண்மை. அமெரிக்க மத்திய அரசாங்கம்தான் எல்லாவற்றையும் கொடுக்கிறது என்பது உண்மையில்லை. அக்கா கேட்டால் கோபிக்க வேண்டாம், அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1975இல் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, இயலாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருத்தமான இலவச அரசாங்கக் கல்வி கிடைக்க வேண்டும் என்றது. 1990இல் அதற்குப் பெயர் மாற்றினார்கள். இப்போது சுருக்கமாக "ஐடியா" சட்டம் என்பார்கள். மூன்று வயதிலிருந்து இருபத்தொரு வயதுவரை அது பொருந்தும். அந்தச் சட்டத்தில் மத்திய அரசு ஒரு கணக்குச் சொன்னது: ஒரு சாதாரண மாணவருக்கு நாடு சராசரியாகச் செலவழிக்கும் தொகையில் 40 வீதம் வரை, இயலாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலதிகமாகத் தருவோம் என்று. அந்த 40 வீதத்தை இன்றுவரை தொடவில்லை. அண்மைய வருடங்களில் 15 வீதத்துக்கும் கீழேதான் நிற்கிறது. மத்திய அரசு வருடத்துக்குக் கொடுப்பது ஏறத்தாழ 1,400 கோடி டொலர். பிள்ளைகள் ஏறத்தாழ 75 இலட்சம். பிரித்துப் பாருங்கள், தலைக்கு 2,000 டொலர்கூட வராது. ஒரு உதவியாளரின் ஒரு மாதச் சம்பளத்துக்கே அது காணாது.

மிச்சத்தை மாநிலமும் உள்ளூர்ப் பாடசாலை மாவட்டமும் (அந்தப் பகுதியின் அரசாங்கப் பாடசாலைகளை நடத்துகிற உள்ளூர் நிர்வாகம்) போடுகின்றன. நியூ ஜெர்சியில் உள்ளூர்க் காசு பெரும்பாலும் வீட்டு வரி. அக்கா சொந்த வீட்டில் இருந்தால் நேரே கட்டுகிறா, வாடகை வீடென்றால் வாடகைக்குள் கட்டுகிறா. ஆக அந்த பஸ்ஸுக்கு அக்காவும் அவவின் அயலவர்களும் சேர்ந்துதான் காசு கொடுக்கிறார்கள்.

மாநிலங்கள் பணத்தைப் பங்கிடும் விதத்தில்தான் விசயமே இருக்கிறது. சில மாநிலங்கள் இயலாமையுள்ள பிள்ளையை ஒன்றுக்கு மேல் என்று எண்ணி, தேவைக்கேற்ப எடை கூட்டிக் கொடுக்கின்றன. வயோமிங் மாநிலம், நீ செலவழி, நான் திருப்பித் தருகிறேன் என்கிறது. கலிபோர்னியா 1997இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, இயலாமையுள்ள பிள்ளைகளை எண்ணாமல் மாவட்டத்தின் மொத்தப் பிள்ளைகளை எண்ணுகிறது. ஏன் தெரியுமா? இயலாமையுள்ள பிள்ளை என்று பெயர் குத்தினால் காசு வரும் என்றால், காசுக்காகவே பிள்ளைகளுக்குப் பெயர் குத்துவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. நல்ல சேவை இருக்கிற ஊருக்கு அப்படியான பிள்ளைகளோடு குடும்பங்கள் தேடி வரும். பிள்ளைகள் கூடுவார்கள், பணம் கூடாது. எந்தச் சூத்திரமும் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழியும் துணிதான்.

மிகக் கூடுதலாகச் செலவாகும் பிள்ளைகளுக்கு நியூ ஜெர்சி 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி ஏற்பாடு வைத்தது. அரசாங்கப் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளைக்கான நேரடிச் செலவு வருடம் 40,000 டொலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஒரு பகுதிக்கு மாவட்டம் மாநிலத்திடம் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கும் இயலாமையுள்ளவர்களுக்குமான அரச மருத்துவக் காப்புறுதி. 1988இல் செய்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அந்தக் காப்புறுதியுள்ள பிள்ளைக்குப் பாடசாலையில் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை, உடலியக்கச் சிகிச்சை, தாதிச் சேவை போன்றவற்றுக்குப் பாடசாலை பில் போடலாம். அதனால்தான் அங்குள்ள சிகிச்சையாளர்கள் ஒவ்வொரு அமர்வுக்கும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, என்ன செய்தோம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பெற்றோரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காவிட்டாலும் பிள்ளைக்கான சேவையை நிறுத்த முடியாது. பாலையூற்று அம்மாவின் கடிதத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரக் காசு பாடசாலைக்குள் வருவதற்கு அங்கே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு அமைச்சுக்கும் நடுவில் சுவர்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், டொலர் தொகையை விட முக்கியமான வித்தியாசம் வேறொன்று. அங்கே முதலில் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு ஆவணம் எழுதுகிறார்கள். பெற்றோர், ஆசிரியர்கள், அப்புறம் பாடசாலை மாவட்டத்தின் சார்பில் வளங்களைப் பற்றித் தெரிந்த ஒருவர், எல்லோரும் இருந்து எழுதுவது. வாரத்தில் இத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் இத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி என்று எழுதிவிட்டால் மாவட்டம் கொடுத்தே ஆக வேண்டும். காசுக்கு எங்கே போவது என்பது மாவட்டத்தின் தலையிடி.

சும்மா வந்ததில்லை இது. 1972இல் வாஷிங்டன் நகரத்துப் பாடசாலைச் சபை, காசில்லாததால் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. காசு போதாதென்றால் அந்தப் பற்றாக்குறையின் பாரம் இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கூடுதலாக விழ முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 1999இல் ஐயோவா மாநிலத்துப் பையன் ஒருவனின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நாலு வயதில் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, சுவாசிக்கும் கருவியோடு பள்ளிக்கு வந்தவன். நாள் முழுக்கப் பக்கத்தில் தாதி வேண்டும், செலவு தாங்காது என்றது பாடசாலை. கொடுக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு அங்கே சொர்க்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வீட்டு வரி குறைந்த ஏழை ஊர்களில் சிகிச்சையாளர் கிடைப்பதில்லை. திட்டத்தில் எழுதிய நிமிடங்களை வாங்கவே வழக்கறிஞர் பிடிக்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். அக்காவுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்தத் திட்டக் கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கலாம், ஏற்பாடு செய்வது பாடசாலையின் பொறுப்பு, காசு வாங்க மாட்டார்கள். 

கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மா:

என்ட மகள் படிக்கிற அலகில் உதவிக்கு ஒரு பிள்ளையை வைத்திருக்கிறார்கள். அவவின் சம்பளத்துக்கு மாதம் 2,000 ரூபா தரச் சொல்கிறார்கள். வாப்பா மீன்பிடிக்குப் போகிறவர், கடல் இல்லாத மாதம் கஷ்டம். தராவிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்ற மாதிரிக் கதைக்கிறார்கள். இது சரியா?

பதில்:

பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொல்வது பிழை. அதில் சந்தேகமே வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைந்தவர் என்ற காரணத்துக்காகக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே மனுச் செய்யலாம். பெற்றோரிடம் கட்டாயமாகக் காசு வாங்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்களும் இருக்கின்றன.

ஆனால் அந்த ரீச்சரின் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். சாதாரண பாடசாலையின் அலகுக்கென்று உதவியாளர் பதவியை ஆளணியில் நான் கண்டதில்லை. ஒரு ரீச்சர், பத்துப் பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு பிள்ளை காற்சட்டையோடு போய்விட்டது. கழுவக் கூட்டிக்கொண்டு போனால் மற்ற ஒன்பது பேரை யார் பார்ப்பது? கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அது குற்றம், பூட்டாமல் போனால் ஓடுகிற பிள்ளை கேற்றைத் தாண்டிவிடும். அந்த உதவியாளர் இல்லாவிட்டால் அலகே நடக்காது. அரசாங்கம் நிரப்பாத இடத்தைப் பெற்றோரின் 2,000 ரூபா நிரப்புகிறது. அநியாயம்தான், ஆனால் அந்த அநியாயத்தைச் செய்வது ரீச்சர் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, காசைக் கையில் கொடுக்காமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினூடாகப் போகச் சொல்லுங்கள். தருபவர் தரட்டும், பற்றுச்சீட்டு வேண்டும், தராத பெற்றோரின் பெயர் அலகுக்குத் தெரிய வேண்டியதில்லை. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இந்த உதவியாளர் செலவை முழுப் பாடசாலையின் செலவாக எடுக்கச் சொல்லிப் பிரேரணை கொண்டுவாருங்கள். கிரிக்கெட் பாய் வாங்க எல்லாப் பெற்றோரும் காசு போடலாம் என்றால் இதற்கும் போடலாம். கூட்டத்தில் உங்களுக்குப் பேச வெட்கமாக இருந்தால், அலகுப் பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் ஒரே வரிசையில் போய் இருங்கள், ஒருவர் பேசினால் போதும்.

காசுக்குப் பதிலாகத் தாய்மார் முறைவைத்து வந்து வகுப்பில் இருக்கட்டும் என்றும் சில இடங்களில் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையிலிருந்து பள்ளி விடும்வரை வேப்பமரத்தடியில் இருக்கிற தாய்க்கு அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடாது. அவருடைய நாள்கூலி எந்தக் கணக்கிலும் வராது என்பதற்காக அது செலவில்லாத உதவி ஆகிவிடாது.

வெருகல் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை:

என் அலகில் ஆறு பிள்ளைகள். தர உள்ளீட்டுப் பணம் வந்தால் எல்லாம் பெரிய வகுப்புகளுக்கே போகிறது. அதிபர் நல்லவர்தான், ஆனால் "உங்களுக்கு ஆறு பேர்தானே" என்கிறார்.

பதில்:

தங்கச்சி, வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வருடாந்த அமுலாக்கல் திட்டம் எழுதும் நேரத்திலேயே அலகின் தேவை அதற்குள் ஏறியிருக்க வேண்டும். "கற்றல் உபகரணங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். தடித்த பென்சில் இத்தனை, வெல்க்ரோ ஒட்டிய பட அட்டை ஒரு தொகுதி, வழுக்காத பாய் ஒன்று, இன்ன பிள்ளைக்கு இன்ன தேவைக்காக என்று எழுதுங்கள். ஆறு பேர்தானே என்பவருக்கு ஆறு பேரின் தேவையையும் தனித்தனியாகக் காட்டினால் பேச்சு மாறும்.

இன்னொரு உபாயம் சொல்கிறேன், அதிபர்மார் கோபிக்கக் கூடாது. அரச நிதியாண்டு டிசம்பர் 31இல் முடியும். ஒக்டோபர், நவம்பரில்தான் எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சீக்கிரம் செலவழியுங்கள் என்று வலயத்திலிருந்து கோல் வரும். அந்த நேரத்தில் மூன்று கடையின் விலைமனுவையும் கோவையில் தயாராக வைத்திருக்கிற ஆசிரியைக்குத்தான் சாமான் வரும். மற்றவர்கள் கடை தேடித் திரிகையில் வருடம் முடிந்துவிடும். வெருகலிலிருந்து திருகோணமலைக்கு விலை கேட்க வருவது லேசில்லை என்று தெரியும், சம்பளத்துக்கு வரும் நாளில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்:

மகனுக்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கிடைக்கிறது. பாடசாலைக்கு அனுப்பினால் வெட்டிவிடுவார்கள் என்று அயலில் சொல்கிறார்கள்.

பதில்:

அயலவர் சொல்வதைக் காற்றில் விடுங்கள். அந்தக் கொடுப்பனவு பிரதேச செயலகத்தினூடாக வருகிற சமூகநலக் காசு. குடும்பத்தின் வருமான நிலையைப் பார்த்துக் கொடுப்பது. 2025 ஏப்ரலில் மாதம் 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள். கல்விக்கும் அதற்கும் கணக்கே வேறு. பாடசாலைக்குப் போவதால் நிற்காது. சொல்லப்போனால், 2016இலிருந்து 5 வயது முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம், அனுப்பாமல் இருப்பதுதான் சட்டத்துக்கு மாறு.

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்:

கோபிக்க வேண்டாம். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது வீண்செலவு இல்லையா? அதே சம்பளத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கலாமே.

பதில்:

கோபமில்லை ஐயா, பலர் மனதில் வைத்திருப்பதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 1945இல் கன்னங்கராவின் முயற்சியில் இலவசக் கல்வி வந்தபோது, கெட்டிக்காரருக்கு மட்டும் என்று யாரும் எழுதவில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஐந்தாறு பிள்ளைகளோடு பௌதிகவியல் வகுப்பு நடக்கிற பாடசாலைகள் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அதை வீண்செலவு என்று ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. அலகில் தானே சாப்பிடவும், பஸ் இலக்கம் பார்க்கவும், கடையில் மிச்சக் காசு எண்ணவும் பழகிய பிள்ளை வளர்ந்த பிறகு, வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கத் தேவையில்லை. கணக்குப் பார்ப்பதென்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு தந்தை:

மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். டவுனிலுள்ள அலகுக்கு ஓட்டோவில் கொண்டுபோய்க் கூட்டிவருவதற்கே என் உழைப்பில் பெரிய பங்கு போகிறது. போக்குவரத்துக்கு அரசாங்கம் ஏதாவது தராதா?

பதில்:

இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் சலுகை இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதனால் பிரயோசனமில்லை, அந்த பஸ்ஸின் படியில் நாற்காலி ஏறாது. நிலாவெளித் தம்பியின் கடிதத்தில் வந்த வாசலுக்கு வரும் பஸ், அங்கே கல்வியோடு சேர்ந்த சேவை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு செலவுத் தலைப்பு இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள். வீட்டுக்குக் கிட்டிய சாதாரண பாடசாலையில் கீழ்மாடி வகுப்பறையும் சாய்தளமும் இருந்தால் அங்கே சேர்க்க முடியுமா என்றும் பாருங்கள். நடக்க முடியாது என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளை விசேட கல்வி அலகில் இருக்க வேண்டியதில்லை. மகள் வயதுக்கேற்றபடி படிக்கக்கூடியவள் என்றால் சாதாரண வகுப்புத்தான் அவளுக்குரிய இடம்.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாய்:

இதெல்லாம் கேட்கப் போனால் பிள்ளையைத்தான் பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது ரீச்சர். யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்:

பயம் நியாயமானது. கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்த பிறகு தேர்தலே இல்லை, உங்கள் சார்பில் சபையில் எழும்பிக் கேட்க உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பாடசாலையைக் கேட்காதீர்கள், வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றியோ பாடசாலையைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். முழு வலயத்தையும் கேளுங்கள். வலயத்தில் எத்தனை விசேட கல்வி அலகுகள், அவற்றில் எத்தனை பயிற்றப்பட்ட ஆசிரியர்கள், எத்தனை வெற்றிடங்கள்? கடந்த நிதியாண்டில் அந்த அலகுகளுக்கு உபகரணம், திருத்தம், பயிற்சி என்று எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவழிந்தது, எவ்வளவு திரும்பிப் போனது? அந்த "திரும்பிப் போனது" என்பதை விடாமல் எழுதுங்கள். "நிதி இல்லை" என்ற பதிலின் மற்ற அரைவாசி அதற்குள்தான் இருக்கும்.

தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நாலைந்து தாய்மார் தனித்தனியாக ஒரே கேள்வியை அனுப்பினால் யாரோ ஒருவர்மேல் கண் விழாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், கிடைத்தது என்று எழுத்தில் தர வேண்டியது அவர்களின் கடமை. "வைச்சிட்டுப் போங்கோ" என்றால் எழும்பாதீர்கள். திகதியும் கையொப்பமும் போட்ட தாள் கைக்கு வந்த பிறகு எழும்புங்கள், நாள் எண்ணத் தொடங்குவதற்கு அதுதான் அத்தாட்சி.